மீராசா காக்காவின் 6174

சாய்ந்தமருது பிரதான வீதியில், ஊருக்கே அண்ணன் மாதிரியான மீராசா காக்காவின் ரயர் கடைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை. பஞ்சர் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் ஒரு வகை. ஒட்டி முடிந்த பிறகும் போகாமல் நின்று, தரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மற்ற வகை. தரையில் அப்படி என்ன கிடக்கிறது என்று கேட்டால், கழித்தல் கணக்கு. ரயரில் ஓட்டை கண்ட இடத்தைக் குறிக்கிற அதே வெண்கட்டியால் வந்த வாகனத்தின் நம்பரை எழுதி, மீராசா காக்கா அதைக் கழித்துக் கழித்து ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருப்பார். எந்த வாகனம் வந்தாலும் நிற்கிற இடம் ஒன்றுதான். 6174.

இதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவர் வீரமுனையிலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார். கடை திறந்த புதிதில், பசை காயும்வரை காத்திருந்த மனுசன், சும்மா இருக்க முடியாமல் தன் மோட்டார் சைக்கிள் நம்பரைத் தரையில் எழுதினார். 2751.

"இந்த நாலு இலக்கத்தையும் பெரிசில இருந்து சிறிசா அடுக்குங்க தம்பி. மறுகா சிறிசில இருந்து பெரிசா அடுக்குங்க. பெரிசில சின்னதைக் கழியுங்க."

7521இல் 1257 போக 6264. அதை அடுக்கி 6642இல் 2466 போக 4176. அதையும் அடுக்கி 7641இல் 1467 போக 6174.

"இப்ப இதையும் அடுக்கிக் கழிச்சுப் பாருங்க."

திரும்பவும் 7641. திரும்பவும் 1467. திரும்பவும் 6174. மீராசா இன்னொருமுறை கழித்தார். அது அசையவில்லை.

"எந்த நாலு இலக்கமெண்டாலும் ஏழு தரத்துக்குள்ள இஞ்சதான் வந்து நிக்கும்," என்றார் வாத்தியார். "நாலும் ஒரே இலக்கமா மட்டும் இருக்கப்படாது. நடுவுல விடை மூண்டு இலக்கமா வந்தா, முன்னுக்கு ஒரு பூச்சியத்தைப் போட்டு நாலாக்கிக்கொள்ளுங்க. முன்னுக்கு உள்ளதை விட்டீங்கண்டா கணக்கு வேற ஊருக்குப் போயிரும்."

வாத்தியார் பஞ்சர் ஒட்டிக்கொண்டு போய்விட்டார். மீராசா காக்கா அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். நம் நாட்டில் வாகனத்துக்கு வாகனம் நாலு இலக்கம்தானே. அல்லாஹ் இந்த வீதியால் எத்தனை வாகனத்தை ஓட விட்டிருக்கிறான். லொறி, வேன், ஓட்டோ, பஸ் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. கொஞ்ச நாளில் வெண்கட்டியும் தேவைப்படவில்லை, எல்லாம் மனக்கணக்கு. புது வாகனம் வாங்கியவர்கள் பள்ளிவாசல் பக்கம் போகிறார்களோ இல்லையோ, இவர் கடை முன்னால் ஒருமுறை நிறுத்துவார்கள். "காக்கா, நம்பரைப் பாருங்க." அவர் பார்ப்பார், கண்ணைச் சுருக்குவார், 6174க்கு வர எத்தனை தரம் கழிக்க வேண்டுமென்று எண்ணி, "மூண்டு படி" என்பார், அல்லது "அஞ்சு படி" என்பார். ஏழு படி வந்தவன் யாராவது முகம் வாடி, இது கூடாத நம்பரா என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான்.

"அஸ்தஃபிருல்லாஹ். நம்பர் என்ன செய்யும்? ஏழு படியெண்டா சுத்திப் போற பாதை. போய்ச் சேர்ற ஊர் ஒண்டுதானே. அல்ஹம்துலில்லாஹ் எண்டு சொல்லிட்டு வண்டிய எடு."

அவருடைய மனைவி லைலாவுக்கு, இந்த 6174 ஒரு சக்களத்தி மாதிரி. சோறு ஆறிப்போய்க் கிடக்கும், மனுசன் தெருவில் போகிற சீமெந்து லொறியோடு கணக்கில் இருப்பார். நிந்தவூருக்கு உம்மா வீட்டுக்குப் போகையில் மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து இடுப்பில் கிள்ளுவாள். "ரோட்டப் பாருங்க, பஸ்ஸுட முதுகைப் பாக்காம." இடுப்பில் கிள்ளு வாங்கிக்கொண்டே, "ஆறு படி புள்ள" என்பார். ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, கேட்டுக் கேட்டு அவளுக்கும் அந்தக் கணக்கு மனப்பாடமாகிவிட்டது. அதை அவள் அவரிடம் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் கணக்குக்குள் வராத ஆள் ஊரில் ஒருவர்தான். அப்துல் ஸமட் ஹாஜியார். தேடித் திரிந்து 4444 என்று ஒரு நம்பரில் வேன் எடுத்து வந்து, கடை வாசலில் பெருமையாக நிறுத்தினார். நாலையும் எப்படி அடுக்கினாலும் 4444, கழித்தால் ஒன்றுமில்லை. "ஹாஜியார், ஊரே போய்ச் சேருது, உங்கட வேன் மட்டும் பூச்சியத்துல நிக்குது" என்றார் மீராசா. ஹாஜியார் கோபித்துக்கொண்டு கொஞ்ச காலம் காற்று அடிக்கவும் வேறு கடைக்குப் போனார். பிறகு வந்தார். மீராசா காக்காவோடு கோபமாக இருப்பது யாருக்கும் லேசில்லை.

இப்படிப்பட்ட மனுசன்தான், போன நோன்புக்கு முந்தின மாதம் ஒருநாள் விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்து எழும்பும்போது இடது கால் மடிந்து கிணற்றடியில் விழுந்தார்.

மூளையின் வலப்பக்கத்தில் இரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். இடது கையும் இடது காலும் செத்த மாதிரிக் கிடந்தன. வாய் கோணவில்லை, கதை தெளிவாக இருந்தது. அதற்கே லைலா நெற்றி தரையில் பட எத்தனை ஸுஜூது செய்திருப்பாளோ தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கும் யன்னலுக்கும் இடையில் ஒரு ஸ்டூல் போட இடமிருந்தது. அவருக்கு இடப்பக்கம். லைலா அந்த ஸ்டூலை விட்டு அசையவில்லை. அவருடைய செத்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடையில் ஆரம்பத்திலிருந்து வேலை செய்யும் ஸஹீத் ஒருநாள் பார்க்க வந்து கட்டிலின் வலப்பக்கம் நின்றான். மீராசா அவனிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஸஹீத், லைலா எங்க? ஒருக்காவும் வரல்லையே."

லைலாவின் கை அவருடைய கையில்தான் இருந்தது. "இஞ்சதான் இரிக்கன்," என்றாள். குரல் கேட்டு அவர் முகத்தைத் திருப்பினார், அதுவும் ஸஹீத் நின்ற பக்கம். அங்கே தேடினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

ஸஹீத் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டான். லைலா அதை யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருசம் கூட வாழ்ந்தவள். முகம் மறந்துபோய்விட்டதாக்கும் என்று எண்ணினாள். எண்ணி, அதை நெஞ்சுக்குள் போட்டு மூடிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகு அவர் சில நேரம் அவளைக் கண்டு "புள்ள" என்று கூப்பிட்டார், சில நேரம் பக்கத்தில் இருக்கும்போதே ஆள் இல்லாத மாதிரி இருந்தார். எப்போது இருப்போம், எப்போது இல்லாமல் போவோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மீராசாவின் தம்பி பளீல் கட்டாரிலிருந்து லீவில் ஓடி வந்திருந்தான். நல்ல பிள்ளை. வந்த அன்றிலிருந்து கடையை அவன்தான் பார்த்தான். காக்காவின் மூளை எப்படி இருக்கிறது என்று பார்க்க அவன் செய்த முதல் வேலை, வுழூச் செய்ய வைத்து, குர்ஆனை எடுத்து மடியில் விரித்ததுதான். நம் ஊரில் வேறு எதை விரிப்பார்கள்? மீராசா யாஸீன் ஸூராவை எடுத்து ஓதினார். வலப்பக்கத்தில் வரி தொடங்கும் இடத்தில் கண் வைத்து, தட்டாமல் தடங்காமல் கடைசி வரை ஓதினார். வீடே அழுதது. பிறகு அப்துல் ஸமட் ஹாஜியார் வந்தார். வேனை வாசலுக்கு நேரே நிறுத்தச் சொல்லி, "மீராசா, என்ட நம்பர் எப்பிடி?" என்று கேட்டார். மீராசா பார்த்தார். "பூச்சியம்தான் ஹாஜியார்." ஹாஜியார் தன் ஆயுசில் அந்தப் பூச்சியத்துக்காகச் சந்தோசப்பட்டது அன்றைக்குத்தான். மீராசாவுக்கு ஒன்றுமில்லை, மூளை கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று அன்று பின்னேரமே ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

கிளினிக்கில் டொக்டர் றெஜிதா, "ஐயா வாசிக்கிறவரா?" என்று கேட்டபோது லைலாவும் அதையேதான் சொன்னாள். "ஓம் டொக்டர், குர்ஆன் ஒரு பிழையில்லாம ஓதுறார்." டொக்டர் சந்தோசப்பட்டு, கைக்கும் காலுக்கும் பயிற்சி எழுதிக் கொடுத்தார்.

சின்னச் சின்னதாகச் சிலது சரியில்லைதான். பீங்கானில் போட்ட சோற்றில் பாதியை அப்படியே விட்டுவிட்டு, "போதும், கறி காணாது" என்பார். காலில் ஒரு செருப்போடு நடக்கப் பார்ப்பார். கதிரையில் இருந்து தொழுது முடிக்கும்போது வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுப்பார், இடப்பக்கம் திரும்புவதில்லை. பசியில்லை, மறதி, கழுத்து இன்னும் வரவில்லை என்று லைலா ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு காரணம் வைத்திருந்தாள்.

மெல்ரொய் வந்த நாளில்தான் எல்லாம் குலைந்தது. கல்முனையில் மீன் வியாபாரம் செய்கிற மெல்ரொய், காக்காவின் பழைய வாடிக்கை. புது லொறி எடுத்திருந்தான். மற்றவர்களைப் போல அவனும் வழமை மாறாமல் லொறியை வாசலுக்குக் கொண்டுவந்தான். 8614. வீட்டோடு ஒட்டியிருந்த கடைக்கு வந்த நாலைந்து பேரும் கூடிவிட்டார்கள். மீராசா கதிரையில் இருந்தபடி பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். முகம் மாறியது.

"எத்தின படி காக்கா?"

"நானூத்தித் தொண்ணூத்தஞ்சு," என்றார் அவர்.

யாரோ ஒருவன் சிரித்தான், பகிடி விடுகிறார் என்று நினைத்து. மீராசா திரும்பவும் பார்த்தார், உதடு அசைந்தது. "நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. மறுகாலும் அதுதான். அங்க போகுதில்ல." சிரித்தவன் நிறுத்திக்கொண்டான். மெல்ரொய் லொறிக் கதவைத் திறந்தான். "பரவாயில்ல காக்கா, புது லொறிதானே, இனித்தான் பழகும்," என்று என்னவோ சொல்லிவிட்டு லொறியை எடுத்துக்கொண்டு போனான். கதவுச் சீலைக்குப் பின்னால் நின்ற லைலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மீராசா விடாமல் முயன்றார். வீதியால் போன பஸ், ஓட்டோ, உழவு மெசின் எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் 495. கடைசியில் கதிரையை வீதிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போடச் சொன்னார்.

"புள்ள, அல்லாஹ் என்ட ஓதலை வச்சிட்டான், கணக்கை எடுத்திட்டான். கணக்குத் தெரியாதவன் கடையில இருந்து என்ன செய்ற? பளீல்ட்ட சொல்லு, கடையைக் குடுத்திரட்டும்."

பளீலுக்கு லீவு முடியப்போகிறது. ஸஹீதுக்குக் கை வேலை தெரியும், ஆனால் கடையில் இருந்து ஆட்களோடு கதைத்துக் கொடுக்கல் வாங்கல் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அக்கரைப்பற்றில் ரயர் வேலை தெரிந்த ஒருவரைப் பளீல் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தான். "மதினி, எனக்கு மட்டும் விருப்பமா? காக்காட நிலைமை நாளைக்கு இன்னும் கூடினா என்ன செய்ற," என்றான். அவன் சொன்னதில் பிழையில்லை. லைலா தலையை ஆட்டினாள். கடை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். மனுசன் துண்டு துண்டாகப் போகிறார், முதலில் நான், பிறகு அவருடைய நம்பர், இனி என்ன போகுமோ என்றுதான் அவள் பயந்தாள்.

வியாழக்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கை மீனில், நினைவு 495இல். அப்போதுதான் அது அவள் மனதில் இடறியது. மூளை குழம்பின ஆள் இன்றைக்கு ஒன்று சொல்ல வேண்டும், நாளைக்கு வேறொன்று சொல்ல வேண்டும். இவர் என்ன, எந்த வாகனத்தைப் பார்த்தாலும் அதே 495இல் வந்து நிற்கிறார்? முன்னே 6174இல் நின்ற மாதிரி, இப்போது இதில் நிற்கிறார். பைத்தியம் பிடித்த கணக்கு ஒரே இடத்தில் வந்து நிற்குமா?

வாசலில், ரொட்டி விற்று வரும் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. ஜுனைட்டின் ஓட்டோ, ஒவ்வொரு பின்னேரமும் வருவது. அதன் நம்பர் லைலாவுக்கும் தெரியும், 6352. ஜுனைட் முதல்முதல் வந்த நாளே, "இரண்டே படி, பாண் சூடு ஆறுறதுக்குள்ள போயிரும்" என்று மீராசா சொன்னது இந்தத் தெருவுக்கே தெரியும். லைலா கையைக் கழுவாமலே வந்தாள். கணவரின் கதிரையை வீதிப் பக்கம் திருப்பினாள். ஓட்டோவை முகப்பு தெரிய நிறுத்தச் சொல்லி ஜுனைட்டுக்குக் கைகாட்டினாள்.

"எனக்கு வேணாம் புள்ள," என்றார் மீராசா.

"எனக்காகப் பாருங்க. இந்த ஒரு தரம்."

அவர் பார்த்தார். உதடு அசைந்தது. "நானூத்தித் தொண்ணூத்தஞ்சு. நாலு படி. போதுமா?"

"விடையை உடுங்க. நம்பர் என்ன? பாத்ததைச் சத்தமா வாசிங்க."

"முந்நூத்தி அம்பத்திரண்டு."

லைலா ஓட்டோவைப் பார்த்தாள். 6352. திரும்ப அவரைப் பார்த்தாள். "அதுக்கு முன்னுக்கு?"

"முன்னுக்கு என்ன? முந்நூத்தி அம்பத்திரண்டு. மூண்டு, அஞ்சு, ரெண்டு."

இத்தனை நாளும் எல்லோரும் விடையைத்தான் கேட்டார்கள். அவர் என்ன நம்பரைப் பார்க்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. லைலா அவருடைய சேட்டுப் பைக்குள் கைவிட்டாள். நோயாளியானாலும் வெண்கட்டி அதற்குள்தான் இருந்தது. வாசல் சீமெந்தில் குந்தி இருந்து எழுதினாள். 532இல் 235 போக 297. 972இல் 279 போக 693. 963இல் 369 போக 594. 954இல் 459 போக, 495. நாலு படி. இன்னொருமுறை கழித்தாள். 954இல் 459. அது அசையவில்லை, 495.

மெல்ரொய்யின் லொறி நினைவு வந்தது. முன்னுக்கு உள்ள எட்டை விட்டு 614 என்று எழுதினாள். 641இல் 146 போக 495. ஒரே படி. ஹாஜியாரின் நாலு நாலில் ஒன்றை விட்டாலும் 444, கழித்தால் பூச்சியம்தான். அந்த மனுசனும் ஊரையே ஏமாற்றியிருக்கிறார், பாவம், தெரியாமல். முன்னுக்கு உள்ளதை விட்டால் கணக்கு வேறு ஊருக்குப் போகும் என்று வாத்தியார் சொன்னதை இவரே ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தாரே. அந்த வேறு ஊர் இதுதான். நாலு இலக்கத்துக்கு 6174 மாதிரி, மூன்று இலக்கத்துக்கு 495.

"இஞ்ச பாருங்க," என்றாள்.  "உங்கட கணக்குப் பிழையில்ல. ஒரு சொட்டுப் பிழையில்ல. நீங்க சரியாத்தான் போய்ச் சேர்ந்திருக்கீங்க."

அழுதாள். மீன் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் அழுதாள். ஜுனைட் பாணைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தபடி நின்றான்.

இரவுச் சாப்பாட்டுக்கு, வழமை போல அவர் பாதிச் சோற்றோடு நிறுத்தி, மீன் துண்டு இல்லையே என்றபோது, லைலா, நம்பரில் விட்ட ஆறும் இடப்பக்கம்தானே என்று எண்ணி, பீங்கானைச் சுற்றித் திருப்பினாள். இடப்பக்கம் கிடந்த சோறும் மீனும் வலப்பக்கம் வந்தன. "இப்பதான் போட்டியா?" என்று கேட்டுக்கொண்டு அவர் முழுவதையும் சாப்பிட்டார். பளீல் அதைப் பார்த்தான். எழுந்து போய் அக்கரைப்பற்று ஆளுக்கு அழைப்பெடுத்து, வெள்ளிக்கிழமை வரவேண்டாம், பிறகு சொல்கிறேன் என்று சொன்னான்.

மறுநாள் கிளினிக். டொக்டர் றெஜிதா கல்முனைப் பிள்ளை, வேதக்காரக் குடும்பம், பொறுமையாகக் கதை கேட்கிறவர். லைலா சொல்லச் சொல்ல, ஒரு தாளில் நீளமாகக் கோடு ஒன்று கீறி மீராசாவிடம் நீட்டினார். "இதுக்கு நடுவுல ஒரு புள்ளி வையுங்க ஐயா." மீராசா வலப்பக்க ஓரத்துக்குக் கிட்டப் போய்ப் புள்ளி வைத்தார். டொக்டர் அந்தப் புள்ளியை லைலாவுக்குக் காட்டினார்.

"கண்ணுல ஒரு குறையுமில்ல அம்மா. புத்தியிலயும் இல்ல. மூளைக்கு இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறது மறந்துபோச்சு. அங்க பாக்க வேணுமெண்டே அதுக்குத் தோணாது. தமிழ்ப் பேப்பரைக் குடுத்திருந்தா அண்டைக்கே பிடிச்சிருக்கலாம், ஒவ்வொரு வரியிலயும் முதல் சொல்லை விட்டிருப்பார். நீங்க குர்ஆனைக் குடுத்திட்டீங்க. அது வலப்பக்கத்தால துவங்குது. வரி முடியிற இடம் இடப்பக்கம், அது அவருக்கு மனப்பாடம்."

பளீல் தலையில் கை வைத்தான். நல்லதைத்தான் நினைத்து விரித்தான், பாருங்கள்.

"இது திருந்துமா டொக்டர்?"

"கொஞ்சம் கொஞ்சமாத் திருந்தும். பழக்க வேணும். முக்கியமானதெல்லாத்தையும் இடப்பக்கம் வையுங்க. இடப்பக்கமா இருந்து கதையுங்க. கதிரையில இடப்பக்கக் கைப்பிடியில சிவப்பாத் துணி கட்டுங்க. அந்தச் சிவப்பைக் காணுறவரைக்கும் தலையைத் திருப்பச் சொல்லுங்க."

லைலாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. 

"டொக்டர், பக்கத்துல ஆள் இருந்தாலும் தெரியாதா?"

"தெரியாது. கூப்பிட்டாலும் மற்றப் பக்கம்தான் தேடுவார். நீங்க வார்ட்டுல எந்தப் பக்கம் இருந்தனீங்க?"

லைலா முக்காட்டின் முனையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். டொக்டருக்கு விளங்கியது. எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க லைலா அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே வந்தாள். மறக்கப்படாமல் இருப்பது எவ்வளவு பெரிய நிஃமத், எவ்வளவு பெரிய அருள் என்று அதை இழந்து எடுத்தவர்களுக்குத்தான் தெரியும்.

தன் பழைய சிவப்புச் சீலை ஒன்றைக் கிழித்துக் கதிரையின் இடது கைப்பிடியில் கட்டினாள். கதிரை கடை வாசலுக்குப் போனது. பயிற்சி ஒன்றும் இலேசாக நடக்கவில்லை. மீராசா எரிச்சல்பட்டார், "அங்க ஒண்டுமில்லயே, இல்லாத இடத்தை ஏன் பாக்கச் சொல்ற" என்று சத்தம் போட்டார். லைலா அதைவிடக் கூடச் சத்தம் போட்டாள். வாகன நம்பருக்கு ஸஹீத்தான் வழி கண்டான். "காக்கா, நம்பருக்கு முன்னுக்கு இங்கிலிஷ் எழுத்து இருக்குமே. அந்த எழுத்தைக் காணும்வரைக்கும் கணக்கைத் துவங்காதீங்க." அதன் பிறகு மீராசா ஒவ்வொரு வாகனத்துக்கும் எழுத்தைத் தேடினார். கழுத்து, பழைய கதவு மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் பழகியது. பல நாள் 495, இடைக்கிடை 6174. பளீல் காக்காவைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டுக் கட்டாருக்குப் போனான், கடை கைமாறவில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த ஒரு பின்னேரம், பாண் ஓட்டோ பாட்டோடு வந்து நின்றது. மீராசா சிவப்புத் துணியைப் பார்த்தார், அங்கிருந்து ஓட்டோவின் எழுத்தைப் பார்த்தார், எழுத்திலிருந்து நம்பருக்கு வந்தார்.

"ஆறாயிரத்தி முந்நூத்தி அம்பத்திரண்டு," என்று சத்தமாக வாசித்தார். "ரெண்டே படி. ஜுனைட், பாணைச் சூடு ஆறாமத் தா."

ஸஹீத் கையிலிருந்த ரயரைப் போட்டுவிட்டுச் சிரித்தான். மெல்ரொய்க்குத் தகவல் போய், அவன் அன்றைக்கே லொறியைக் கொண்டுவந்து நிறுத்தி, அஞ்சு படி என்று வாங்கிக்கொண்டு போனான். அப்துல் ஸமட் ஹாஜியாரும் வந்தார். அவருக்குப் பூச்சியம்தான், அதற்கு யார் என்ன செய்ய.

கூட்டம் கலைந்த பிறகு மீராசா கதிரையை உள்ளே எடுப்பித்து மஃரிப் தொழுதார். லைலா, டொக்டர் சொன்னது போல, அவருக்கு இடப்பக்கம் பாயில் இருந்தாள். தான் தொழுது முடித்துத் தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தாள். அவர் தொழுகையின் கடைசி இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத்து முடித்தார். வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். இவ்வளவு நாளும் அதோடு முடிந்துவிடும். இன்றைக்கு அவர் அசையாமல் இருந்தார். பிறகு முகம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பத் தொடங்கியது. நேரே வந்து நின்றது. அங்கிருந்தும் திரும்பியது. கைப்பிடியில் இருந்த சிவப்புத் துணிக்கு வந்தது. துணியோடு நிற்காமல் அதற்கும் அப்பால் வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்."

கண் அவள் முகத்தில் இருந்தது. தொழுகை முடிந்தும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"இவ்வளவு நாளும் நீ இஞ்சயா புள்ள இருந்த?"

"ஓம்," என்றாள் லைலா. "இஞ்சதான் இருந்தன்."

மீராசா துஆவுக்குக் கை தூக்கினார். வலது கை நெஞ்சளவு வந்தது, இடது கை பாதியில் நின்றது. லைலா எழும்பி வந்து அதைத் தன் கையால் ஏந்திப் பிடித்தாள். அவர் துஆ முடிக்கும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.